ஓரகத்தி சமைத்த சோறு

இருபத்தெட்டு நாள் சேலத்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுக் கலைமணி வீடு திரும்பியபோது, அவளுடைய மகள் தீபிகா சமையலறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முட்டைப் பொரியலும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் தட்டியதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"சித்தி, அம்மா வந்துட்டாங்க," என்றாள். சொல்லிவிட்டு மறுபடி சாப்பிடக் குனிந்துகொண்டாள்.

துணிப்பையோடு கலைமணி அங்கேயே நின்றாள். முன்பென்றால் "அம்மா வந்துட்டா" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்ளும். இப்போது மரியாதை கொடுத்துப் பேசுகிறது, விருந்தாளி வந்ததைச் சொல்வதுபோல. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு மாதத்தில் கன்னம் உப்பியிருந்தது. தலையை இரண்டு பிரியாக எடுத்து மீன்முள்ளுப் பின்னல் போட்டிருந்தார்கள். அந்தப் பின்னல் கலைமணிக்குப் போடத் தெரியாது.

அடுப்படியிலிருந்து அவளுடைய ஓரகத்தி நித்யஸ்ரீ கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கொழுந்தன் ஜெயபிரகாஷின் மனைவி. இருபத்தேழு வயது. "வாங்கக்கா. கை கால் கழுவிட்டு உட்காருங்க, ஒரு வாய் சாப்பிடலாம்," என்றாள்.

அந்த நிமிஷத்தில்தான் வயிற்றுக்குள் ஏதோ சுருண்டது என்று கலைமணி பின்னாளில் சொன்னாள். வலி மாத்திரைப் பழக்கத்தை விட்டபோது வந்த வயிற்றுவலி போல இல்லையாம் அது. இன்னும் கொஞ்சம் மேலே, நெஞ்சுக்குழிக்குக் கீழே.

கலைமணிக்கு அப்போது முப்பத்துநாலு வயது. திருச்செங்கோட்டுக்கும் பள்ளிபாளையத்துக்கும் நடுவில் ஒரு ஊர். பதினேழு வயதிலிருந்து விசைத்தறி வேலை. ஒரே நேரத்தில் நாலு தறி பார்ப்பாள். நூல் அறுந்தால் குனிந்து முடிச்சுப் போட வேண்டும், நிமிர வேண்டும், அடுத்த தறிக்கு ஓட வேண்டும். புருஷன் செங்கோடன் போர் போடும் ரிக் வண்டியில் வேலை. வருஷத்தில் எட்டு மாதம் ராய்ப்பூர், நாக்பூர் என்று வடக்கே இருப்பான். ஊரில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பத்துக்கும் ஒரே ஓட்டுவீடு, நடுவில் ஒரு சுவர், ஆளுக்கொரு அடுப்படி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கலைமணிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பக்கத்துத் தறிக்காரி ராசாத்தி, "இதைப் பாதி போட்டுப் பாரு, நானே இதுலதான் நிக்கறேன்," என்று ஒரு வலி மாத்திரையைக் கொடுத்தாள். ராசாத்தி கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை. அவளுக்கும் யாரோ அப்படித்தான் கொடுத்திருந்தார்கள். பாதி மாத்திரை போட்ட அரைமணி நேரத்தில் முதுகுவலி போயிற்று. கூடவே, சொல்லத் தெரியாத மற்ற வலிகளும் போயின. தறிச் சத்தம் தூரத்தில் போய்விட்டது. உடம்பு முழுக்க வெதுவெதுப்பாக இருந்தது. அப்படி ஒரு நிம்மதி கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாளும் இருந்ததில்லை.

பாதி ஒன்றாயிற்று, ஒன்று நாலாயிற்று. மூன்றாம் வருஷம் நாளுக்குப் பத்து போட்டால்தான் எழுந்து நடக்க முடியும் என்று ஆனது. அப்போது நிம்மதியெல்லாம் இல்லை, போடாவிட்டால் மூக்கொழுகி, கால் எலும்பு குடைந்து, வாந்தி வந்துவிடும். பசி என்பதே மறந்துபோயிற்று. காலையில் ஒரு டீ, ஒரு வர்க்கி, சாயங்காலம் இன்னொரு டீ. வாரத்துக்கு ஒருமுறை வெளிக்குப் போனால் பெரிய காரியம். பிள்ளைக்கு மட்டும் என்னவாவது செய்து போட்டுவிடுவாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். உண்மையில் பாதி நாள் கடைப் பரோட்டா, மீதி நாள் அதுவும் இல்லை.

ஒரு மத்தியானம் பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கலைமணி சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். பால் பொங்கி, அடுப்பு அணைந்து, கேஸ் வாடை சுவருக்கு அந்தப்பக்கம் வரைக்கும் வந்தது. நித்யஸ்ரீ ஓடிவந்து சிலிண்டரை மூடினாள், ஜன்னலைத் திறந்தாள். பிள்ளைக்குச் சோறு ஆக்கலாம் என்று அரிசி டிரம்முக்குள் கையை விட்டபோது படியோடு சேர்த்துக் கை நிறைய மாத்திரை அட்டைகள் வந்தன. அன்றைக்கே செங்கோடனுக்கு போன் போட்டதும் அவள்தான், மறுநாள் ஜெயபிரகாஷோடு சேர்ந்து கலைமணியைச் சேலத்துக்குக் கூட்டிப்போனதும் அவள்தான்.

ஆஸ்பத்திரியில் முதல் வாரம் எப்படிப் போனது என்பது கலைமணிக்குச் சரியாக நினைவில்லை. நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு உடம்பு அடங்கியது. "சக்கரை நோய்க்காரங்க மாத்திரை எடுத்துக்கறாப்பல நினைச்சுக்கம்மா. நாங்க சொல்ற வரைக்கும் நீயா நிறுத்தாதே," என்றார் டாக்டர். எடை முப்பத்தெட்டரை கிலோ இருந்தாள். அங்கே பஷீரா என்று ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும், நோயாளிகள் என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லித்தருவது அவருடைய வேலை. வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின வாரம் நித்யஸ்ரீ பார்க்க வந்திருந்தபோது ஒரு தாளில் எழுதிக்கொடுத்தார். வெறும் வயிற்றில் டீ கூடாது. ஒரேயடியாக வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை. தினம் இரண்டு முட்டை, பருப்பு, கீரை, கேழ்வரகுக் கூழ், வாழைப்பழம், நிறையத் தண்ணீர். தாளைக் கலைமணியிடம்தான் நீட்டினார். அவள் எழுந்து உட்காருவதற்குள் நித்யஸ்ரீ வாங்கிக்கொண்டாள்.

அந்தத் தாள் இப்போது நித்யஸ்ரீயின் அடுப்படிக் கதவில் ஒட்டியிருந்தது. கலைமணியின் அடுப்படி பூட்டிக் கிடந்தது. அவளுடைய குக்கர், தோசைக்கல், அஞ்சறைப்பெட்டி எல்லாம் சுவருக்கு அந்தப்பக்கம் போய், நித்யஸ்ரீயின் பாத்திரங்களோடு கலந்துவிட்டிருந்தன.

நித்யஸ்ரீ ஒரு கோழிப்பண்ணையில் முட்டை தரம்பிரிக்கும் வேலைக்குப் போய்வந்தாள். கீறல் விட்ட முட்டைகளை அங்கே வேலை செய்பவர்களுக்குக் கொடுப்பார்கள். அதைத் தினம் ஒரு தட்டு கொண்டுவருவாள். காலையில் ஆறரை மணிக்குக் கூழ், வேலைக்குக் கிளம்புமுன் அவித்த முட்டை, மத்தியானத்துக்குச் சோறும் பருப்பும் கீரையும் மூடிவைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் வந்ததும் சுண்டலோ நிலக்கடலையோ. தாளில் என்ன இருக்கிறதோ அது வரிக்கு வரி நடந்தது.

கலைமணியால் அதை விழுங்க முடியவில்லை. பசியில்லை என்பது உண்மைதான். ஆனால் அது மட்டுமில்லை. அந்தக் கூழ் டம்ளரைப் பார்க்கும்போதெல்லாம், 'நீ செய்யாததை நான் செய்யறேன் பாரு' என்று யாரோ சொல்வதுபோல இருந்தது. ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கூழை வாய்க்காலில் ஊற்றினாள். முட்டையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய், மதில்மேல் வந்து உட்காரும் சாம்பல் பூனைக்குப் பிட்டுப் போட்டாள்.

பொறாமைக்குச் சாப்பாடு மட்டுமா கிடைத்தது? பிள்ளையின் பேச்சே மாறிப்போயிருந்தது. நித்யஸ்ரீ ஆத்தூர்க்காரி. பண்ணையில் வேலை செய்யும்போது ஜெயபிரகாஷைப் பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டு வந்தவள். "ஊடு" என்று பேசிக்கொண்டிருந்த தீபிகா இப்போது "வீடு" என்றாள். "வாரேன்" என்பது "வர்றேன்" ஆகியிருந்தது. தலையில் கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய நித்யஸ்ரீ வீட்டு எண்ணெய் மணந்தது. வீட்டுப்பாடம் எழுதும்போது ஒரு கணக்கு வரவில்லை என்றால் தலையைத் திருப்பாமலே "சித்தி" என்றுதான் கூப்பிட்டாள். கலைமணி பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் சுவருக்கு அந்தப்பக்கம் பேச்சுக் கேட்டது.

"சித்தி, அம்மா சாப்பிட்டாங்களா?"

"சாப்பிட்டாங்க பாப்பா."

"நீங்க பாத்தீங்களா?"

பாத்திரம் ஒன்றை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு, "பாத்தேன்," என்றாள் நித்யஸ்ரீ.

அந்தக் கேள்வி தன்மேல் இருக்கும் அக்கறை என்று கலைமணிக்குத் தோன்றவே இல்லை. தன்னை விசாரிக்கக்கூட நடுவில் ஒருத்தி வேண்டியிருக்கிறது என்றுதான் தோன்றியது.

மூன்றாவது வாரம் சேலத்துக்குப் போனபோது எடை முப்பத்தெட்டு. ஆஸ்பத்திரியை விட்டுப் போனபோது இருந்ததைவிட அரை கிலோ குறைவு. தூக்கமும் வருவதில்லை. காலையில் கண்ணைத் திறந்தாலே அழுகை வருகிறது. டாக்டர் பஷீராவிடம் அனுப்பினார்.

"என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று கேட்டார் பஷீரா.

கலைமணி கூழிலிருந்து நிலக்கடலை வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னாள். பஷீரா பேனாவை மூடிவைத்துவிட்டார்.

"நான் எழுதிக்கொடுத்ததை எனக்கே ஒப்பிக்கிறீங்க. நேத்து கீரை என்ன கீரை?"

முருங்கையா அரைக்கீரையா என்று கலைமணி யோசித்துக்கொண்டிருந்தாள்.

"வீட்ல யாரு சமைக்கிறது?"

"எங்கொழுந்தன் சம்சாரமுங்க."

"அவங்க சமையல் பிடிக்கலையா, அவங்களைப் பிடிக்கலையா?"

கலைமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஷீரா நாற்காலியை அருகே இழுத்துப் போட்டார். "மனசு சரியில்லைன்னா பசிக்காது. சாப்பிடாம இருந்தா மனசு சரியாகாது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சு இழுத்துக்கிட்டுக் கிடக்கும். இதுல மனசு நம்ம கைக்குப் பிடிபடாதும்மா. சோறு பிடிபடும். அதான் உங்களைச் சோத்துலேருந்து ஆரம்பிக்கச் சொல்றேன்," என்றார். "அவங்க கையால இறங்கலைன்னா ஒருவேளை நீங்களே சமைங்க. ஆனா ருசி திரும்பக் கொஞ்ச நாளாகும், அதுக்காக மனசு விட்டுடாதீங்க. இன்னொண்ணு, பழைய நினைப்பு வந்து இழுத்துச்சுன்னா, முதல்ல வயித்துக்கு எதையாவது போடுங்க. அரைமணி நேரம் பொறுத்துப் பாருங்க. பாதி நேரம் அது பசியாத்தான் இருக்கும்."

இதில் கலைமணியின் காதில் விழுந்தது ஒன்றுதான். நீங்களே சமைங்க.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஜெயபிரகாஷிடம் கோழிக்கறி வாங்கிவரச் சொன்னாள். தன் அடுப்படியைத் திறந்து தூசி தட்டினாள். வரமிளகாயைக் கிள்ளி, சின்ன வெங்காயம் உரித்து, தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப் போட்டு வறுவல் செய்தாள். தீபிகா தவழ்ந்த காலத்திலிருந்து உயிரை விடுவது அந்த வறுவலுக்குத்தான். நின்று சமைக்க முடியாமல் இரண்டுமுறை உட்கார்ந்து எழுந்தாள். உப்புப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் போட்டாள். மறுபடியும் பார்த்தாள், மறுபடியும் போட்டாள்.

நாலு பேரும் உட்கார்ந்தார்கள். ஜெயபிரகாஷ் முதல் வாயை வைத்ததும் ஒரு நொடி நின்றான். பிறகு, "நல்லாருக்குதுங்கண்ணி," என்று சொல்லிவிட்டுச் சோற்றை அதிகமாகப் பிசைந்தான். நித்யஸ்ரீ மோர் ஊற்றிக்கொண்டாள். தீபிகா ஒரு துண்டைக்கூட ஒதுக்கவில்லை. தட்டில் போட்டதையெல்லாம் தின்றாள். நடுநடுவே தண்ணீர் குடித்தாள். நாலு டம்ளர் குடித்தாள். கலைமணி பல மாதத்துக்குப் பிறகு இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். ஜெயித்துவிட்டதுபோல இருந்தது.

பாத்திரம் எடுத்துவைக்கலாம் என்று அந்தப்பக்க அடுப்படிக்குப் போனாள். நித்யஸ்ரீ மீதிக் கறியைச் சுடுதண்ணீரில் போட்டு அலசிப் பிழிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உருளைக்கிழங்கு நறுக்கி வைத்திருந்தது.

"என்ன பண்ற?"

நித்யஸ்ரீ திடுக்கிட்டுத் திரும்பினாள். "ஒண்ணும் இல்லக்கா. உப்பு கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு. ராத்திரிக்குக் கிழங்கு போட்டு..."

"தின்னப்ப ஏன் சொல்லுல?"

"நீங்க ஆசையா செஞ்சீங்க. அதான்."

அங்கேதான் எல்லாம் வெடித்தது. கலைமணிக்குக் கத்துவதற்கு உடம்பில் தெம்பில்லை. அதனால் மெதுவாகத்தான் பேசினாள், அது இன்னும் மோசமாக இருந்தது.

"என்ற அடுப்பைப் பூட்டுன. என்ற புள்ளைய உன்ற புள்ளையாட்டம் பேச வெச்ச. என்ற ஊட்டுக்காரருக்குப் போன் போட்டு, நாலு பேருக்குத் தெரியறாப்பல என்னைக் கொண்டுபோயி ஆஸ்பத்திரில தள்ளுன. அந்த மாத்திரை அட்டைய டிரம்முல நீயே வெச்சிட்டு எடுத்தியோ என்னமோ, ஆரு கண்டா?"

கடைசியாகச் சொன்னது பொய் என்று அவளுக்கே தெரியும். அட்டைகளை அரிசிக்குள் புதைத்தது அவளுடைய கை. சொன்னபிறகு எடுக்க முடியவில்லை.

நித்யஸ்ரீ கறிச்சட்டியைக் கீழே வைத்தாள். பேசியது தீபிகா. எப்போது வந்து கதவோரம் நின்றாளோ, யாருக்கும் தெரியாது. "உப்பெல்லாம் இல்லம்மா. நல்லாத்தான் இருந்துச்சு. நான் எல்லாத்தையும் சாப்பிட்டேன்ல?" என்றாள். அம்மாவை மீண்டும் எங்கேயும் அனுப்பிவிடக் கூடாது என்று பயந்து பேசும் குரல் அது. உதட்டோரம் காய்ந்து வெடித்திருந்தது.

மறுநாள் காலை நித்யஸ்ரீ ஆத்தூருக்குப் போய்விட்டாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று காரணம் சொன்னாள். கதவில் இருந்த தாளைக் கிழிக்காமல் விட்டுவிட்டுப் போனாள்.

கேட்டது கிடைத்தது. அடுப்படி இரண்டும் இப்போது கலைமணிக்குத்தான். பிள்ளைக்குத் தலை சீவினாள், டப்பாவில் சோறு கட்டினாள். தீபிகா சொன்னதற்கெல்லாம் "சரிம்மா" என்றாள். சித்தி எப்போது வருவாள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. மூன்றாம் நாள் காலை கலைமணி பின்கட்டில் துணி காயப்போடப் போனாள். தீபிகா பள்ளிக்கூட உடுப்போடு மதிலோரம் நின்று, இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் பார்த்துவிட்டு, அவித்த முட்டையைப் பிட்டுப் பிட்டுப் பூனைக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பார்க்கும் விதம், பிட்டுப் போடும் விதம், கையைப் பாவாடையில் துடைக்கும் விதம் எல்லாமே கலைமணியுடையது. அம்மா செய்ததைப் பிள்ளை எத்தனை நாள் ஜன்னல்வழியே பார்த்திருக்கிறதோ.

கலைமணி சத்தம் காட்டாமல் உள்ளே வந்துவிட்டாள். பிள்ளையைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். எங்கே போகிறோம் என்று அவளுடைய காலுக்குத் தெரிந்திருந்தது.

ராசாத்தி அன்று வேலைக்குப் போகவில்லை. கதவைத் திறந்து கலைமணியை ஏற இறங்கப் பார்த்தாள். "வா. உனக்குத் தேறிப்போச்சுன்னாங்க?" என்றாள். பாயில் உட்கார்ந்தார்கள். ராசாத்தியின் தலையணைக்கு அடியில் அட்டை எட்டிப்பார்த்தது. இரண்டு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். அவளுடைய முகம் தளரப்போகும் அந்த நேரத்துக்காகக் கலைமணி காத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் ராசாத்தியின் நெற்றிச் சுருக்கம் அவிழ்ந்தது, தோள் இறங்கியது. ஓரகத்தியைப் பார்த்து வந்த பொறாமை ஒன்றுமே இல்லை, அன்றைக்கு ராசாத்தியைப் பார்த்து வந்ததுதான் பொறாமை என்று கலைமணி சொல்லுவாள். ஒருத்திக்குப் பிள்ளை கிடைத்துவிட்டது, ஒருத்திக்கு நிம்மதி கிடைத்துவிட்டது, தனக்கு மட்டும் இரண்டும் இல்லை.

"வேணுமா?" என்று ராசாத்தி அட்டையை நீட்டினாள்.

கலைமணி கையை நீட்டவும் செய்தாள். அப்போது அவளுடைய வயிறு, அந்த அமைதியான அறையில் இரண்டு பேருக்கும் கேட்கும்படி, நீளமாகச் சத்தம் போட்டது.

"சோறு இருக்குதா?" என்று கேட்டாள் கலைமணி. கேட்டபிறகுதான் கேட்டது தன் வாய் என்று தெரிந்தது.

ராசாத்திக்குப் புரியவில்லை. "சோறா?"

"பசிக்குது. அரைமணி நேரம் கழிச்சு வாங்கிக்கறேன். முதல்ல சோறு போடு."

முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தது, அவ்வளவுதான். அடுப்புமேல் நூலாம்படை. சர்க்கரை டப்பாவில் எறும்பு. கலைமணியே தட்டை அலசி, இரண்டு வெங்காயம் உரித்து, மூலையில் கிடந்த மாங்காய் ஊறுகாயை எடுத்து வைத்தாள். முதல் வாய் தொண்டையில் நின்றது. இரண்டாவது இறங்கியது. சோற்றின் புளிப்பு லேசாக நாக்கில் தெரிந்தது. "நீயும் உண்ணு," என்று ராசாத்தி பக்கம் தள்ளினாள். நேற்று காலையிலிருந்து ராசாத்தியும் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அவள் மூன்று வாயில் தட்டைக் காலி செய்தபோது தெரிந்தது.

சாப்பிட்டதும் ஆசை போய்விட்டது என்று சொல்ல முடியாது. எழுந்து கதவு வரைக்கும் நடக்க முடிகிற அளவுக்குச் சிறியதாயிற்று. "வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கலைமணி நடந்தாள். அட்டை பாயில் கிடந்தது.

சனிக்கிழமை தீபிகாவைக் கூட்டிக்கொண்டு சேலம் போய் அங்கிருந்து ஆத்தூர் பஸ் ஏறினாள். நித்யஸ்ரீயின் வீடு மரவள்ளி மாவு அரைக்கும் ஒரு ஆலைக்குப் பின்னால். அவளுடைய அம்மா முத்தாயம்மாள் பிள்ளையை உள்ளே கூட்டிப்போனார். கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த நித்யஸ்ரீ எழுந்திருக்கவில்லை. கலைமணி எதிரே துவைகல்லில் உட்கார்ந்தாள்.

"டிரம்முல வெச்சது நாந்தான். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொன்னது தப்பு, நித்யா."

நித்யஸ்ரீ துணியைப் பிழிந்தாள்.

"நீ போட்டதையெல்லாம் நான் தின்னல. பூனைக்குப் போட்டேன்."

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"முதல் வாரமே பார்த்தேன்."

"அப்பறம் ஏன் கேக்குல?"

நித்யஸ்ரீ பிழிந்த துணியையே மறுபடி நனைத்தாள். "கேட்டிருந்தா நீங்க சாப்பிட்டிருப்பீங்க," என்றாள். "சாப்பிட்டா தேறிடுவீங்க. தேறிட்டா பாப்பா உங்ககிட்ட வந்துடும். நீங்க ஆஸ்பத்திரியில இருந்த அந்த மாசம், என்கூடவே படுத்துச்சு, என்கூடவே எழுந்திரிச்சுச்சு. உங்களைக் கூட்டிட்டுப் போகலாம்னு போன் வந்த அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை. தாள்ல இருக்கிறதை எல்லாம் சரியா செஞ்சேன்க்கா. நீங்க சாப்பிடலைன்னு தெரிஞ்சும் செஞ்சுக்கிட்டே இருந்தேன். யாரும் என்னைக் குறை சொல்லிடக் கூடாதுல்ல."

கலைமணிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எழுந்து போய் நாலு அறை அறைந்திருந்தால்கூட யாரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவளுக்கு வந்தது வேறு. இத்தனை நாள் இந்தப் பாழாய்ப்போன எரிச்சல் தனக்கு மட்டும்தான் என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தவளுக்கு, கூட ஒரு ஆள் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"நானாச்சும் மாத்திரை தின்னு கெட்டேன்," என்றாள். "நீ ஒண்ணும் திங்காமலே கெட்டிருக்கற."

நித்யஸ்ரீக்குச் சிரிப்பு வரவில்லை. முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள். கலைமணி அவளைத் தொடவில்லை. துவைத்த துணிகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டாள். மத்தியானம் முத்தாயம்மாள் பூசணிக்காய்க் குழம்பும் அப்பளமும் போட்டபோது மூன்று பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தீபிகா நடுவில் உட்கார்ந்து இரண்டு தட்டையும் மாறிமாறிப் பார்த்தாள். இரண்டும் காலியான பிறகுதான் தன் தட்டைத் தொட்டாள்.

நித்யஸ்ரீ அன்றே கிளம்பிவிடவில்லை. பத்து நாள் கழித்துத்தான் வந்தாள். வந்ததும் கலைமணியின் குக்கரையும் அஞ்சறைப்பெட்டியையும் பொறுக்கி எடுத்து இந்தப்பக்கம் கொண்டுவந்து வைத்தாள். காலைச் சமையல் கலைமணி, சாயங்காலம் நித்யஸ்ரீ என்று ஏற்பாடாயிற்று. நாக்கு முழுசாகத் திரும்பும் வரைக்கும் கலைமணியின் குழம்புக்கு நித்யஸ்ரீ வந்து உப்புப் பார்த்துவிட்டுப் போனாள். அடுத்தமுறை சேலம் போனபோது கலைமணி பஷீராவிடம் பூனைக் கதையைச் சொன்னாள். "அந்தப் பூனை நல்லா கொழுத்திருக்குமே," என்றார் பஷீரா.

அதோடு எல்லாம் நேராகிவிடவில்லை. நாலாம் மாதம் தீபிகாவுக்குக் காய்ச்சல் கண்டு, கண்ணை மூடிக்கொண்டு "சித்தி" என்று முனகியபோது, கலைமணி அன்று மத்தியானமே போய் பழைய மாத்திரையில் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டுவிட்டாள். மறுநாள் தானே பஸ் ஏறி டாக்டரிடம் சொன்னாள். அவர் திட்டவில்லை, வாரம் ஒருமுறை வரச் சொன்னார். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை இன்றுவரை நிறுத்தவில்லை. தறிக்குத் திரும்பிப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது ஒரு தையல் கம்பெனியில் உட்கார்ந்து பித்தான் கட்டும் வேலை. எட்டு மாதத்தில் எடை நாற்பத்தைந்தைத் தொட்டது. செங்கோடன் லீவில் வந்தபோது, "ஆளே மாறிப்போயிட்டியே," என்றான். தூக்கம் வருகிறது. காலை அழுகை எப்போதாவதுதான்.

அந்த எட்டாவது மாதத்தில் ராசாத்தியைக் கலைமணிதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். மூன்று வாரம் கெஞ்சி, நாலாம் வாரம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ராசாத்தி போட்டதையெல்லாம் சாப்பிட்டாள். இரண்டே மாதத்தில் ஆறு கிலோ ஏறிவிட்டது. பஷீராவே அடுத்த அறையிலிருந்து ஆளைக் கூப்பிட்டு, "இங்க பாருங்க, இந்தம்மா எப்படித் தேறியிருக்காங்கன்னு," என்று காட்டினார். கலைமணி ஓரமாக நின்று சிரித்தாள். தான் எட்டு மாதம் உருட்டி உருட்டி ஏற்றியதை இவள் எப்படி இரண்டு மாதத்தில் ஏற்றினாள் என்று அவளுக்கு ஆறவில்லை.

திரும்பும் பஸ்ஸில் சங்ககிரி தாண்டியதும் ராசாத்தி பையிலிருந்து வறுத்த கடலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். தோலை ஊதி ஊதி, பின்னால் இருப்பவர்களைப் பற்றிக் கவலையில்லாமல், வாய் நிறையப் போட்டு மென்றாள். கலைமணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏண்டி, அத்தனையும் நீயே திம்பயா?" என்று கேட்டுக் கையை நீட்டினாள்.